பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை

மோன்லுசேல் ஊரின் பழைய தேவாலயக் கதவில் ஓர் அட்டை தொங்கும்: 'சாவி எதிர் வீட்டில்.' எதிர் வீடு என்பது உர்சுல் ஷஸ்தனேயின் வீடு. சாவி என்றதும் சட்டைப்பையில் போடுகிற சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கை நீளத்துக்கு இரும்பு. ஒரு பூனையின் கனம் இருக்கும். அடுப்பங்கரையில் பூண்டுச் சரத்துக்குப் பக்கத்து ஆணியில் அதை மாட்டி வைத்திருந்தாள். அதனால் அந்தக் கோயிலுக்குள் நுழைகிறவர்களுக்கெல்லாம் முதலில் வருவது சாம்பிராணி வாசனை இல்லை, பூண்டு வாசனைதான்.

கதவைத் தட்டுகிறவர்களிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி, "நீங்க எந்த ஊரு?" என்பதுதான். சும்மா ஊர் விசாரிப்பதற்காக இல்லை. தேவாலயத்தின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு பெரிய கரித் தழும்பு உண்டு. எப்போதோ தீப்பிடித்த தடம். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். பாரிஸ்காரர்கள் வந்தால், "எல்லாம் அந்த இங்கிலீஷ்காரங்க வேலை" என்று பெருமூச்சு விடுவாள். இங்கிலாந்திலிருந்து வந்தால், "எங்க ஆளுங்கதான் கொளுத்திட்டாங்க. உங்காளுங்க பாவம், அணைக்கிறதுக்கு ஆத்துலேர்ந்து தண்ணி சுமந்தாங்க" என்பாள். ஹாலந்துக்காரர்களுக்குக் கத்தோலிக்கர் கொளுத்தினார்கள், ஸ்பெயின்காரர்களுக்குப் புராட்டஸ்டன்ட்டுகள். ஒருவரும் மனம் நொந்து திரும்பியது கிடையாது. வரலாறு படித்தவர்கள் இதைப் பொய் என்பார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவரவர் நாக்குக்குத் தக்கபடி உப்புப் போடுவதாகத்தான் உர்சுல் நினைத்தாள்.

கணவன் ஃபிர்மான் இறந்த பிறகு அந்தச் சாவிதான் அவளுக்கு எல்லாம். மகள் கனடாவில். வாத்துகளை விற்றாகிவிட்டது. வாதுமைத் தோப்பைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. ஆனாலும் காலையில் எழுந்து தலை வாரி, நல்ல மேலாடை ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. யாராவது கதவைத் தட்டுவார்கள். சாவி போனால் யாரும் தட்ட மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சாவிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை திறப்பதில்லை. இதை உர்சுல் போட்ட சட்டம் என்று சொல்ல முடியாது. மோன்லுசேலில் பன்னிரண்டு அடித்தால் தபால்காரர் பாதித் தெருவில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். மருந்துக்கடை மூடிவிடும், காய்ச்சல்காரன் காய்ச்சலோடு காத்திருக்க வேண்டியதுதான். அப்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும், கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும், சதுக்கம் முழுக்க ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்கும். உர்சுல் பன்னிரண்டு மணிக்குச் சாவியோடு எதிரே போவாள், கதவை இழுத்துப் பூட்டுவாள், திரும்புவாள். உள்ளே எட்டிப் பார்த்ததே கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு மனுஷன் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்பது அவள் புத்திக்கு எட்டாத விஷயம்.

வினை அங்கேதான் இருந்தது.

அந்த வருஷம் மேயர் அர்மான் டெல்பூவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. மாவட்டத்தில் அழகான ஊர்களைத் தேர்ந்தெடுத்து, ஊர் எல்லையில் நீலப் பலகை நடுகிற ஒரு குழு இருந்தது. பக்கத்து ஊருக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஊரில் என்ன இருக்கிறது? ஒரு பாலம். அதுவும் பாதி. அர்மானுக்குத் தூக்கம் போயிற்று. குழுவின் ஆய்வாளர் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வருகிறார் என்று தெரிந்ததும், வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குச் சிவப்பு ஜெரேனியம் பூந்தொட்டி வைக்கச் சொன்னார். உர்சுல் வீட்டுக்கும் வந்தார்.

"இத பாரு உர்சுல். வியாழக்கிழமை மட்டும் அந்தத் தீப்பிடிச்ச கதைய அவுத்து விடாத. வர்றவரு படிச்சவரு."

"அவரு எந்த ஊரு?"

"அதான் வேணாங்கறேன்! ஏதாவது கோளாறு ஆச்சுன்னு வையி, நான் மின்சாரப் பூட்டு போட்டுருவேன். தானா திறக்கும், தானா மூடும். சிப்ரியான்கிட்ட விலை கூட விசாரிச்சிட்டேன்."

சிப்ரியான் ஊரின் எலக்ட்ரீஷியன். உர்சுலுக்குச் சுரீரென்றது. ஆனால் அர்மானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர் முன்னால் கண் கலங்கினால் கௌரவம் என்ன ஆவது?

"போடேன். அந்தப் பூட்டு வந்து தரையக் கூட்டுமா? வௌவால் எச்சத்தச் சுரண்டுமா? போ, போய் உன் ஜெரேனியத்துக்குத் தண்ணி ஊத்து."

வியாழக்கிழமை வந்தது. உர்சுல் விடிந்ததும் பெஞ்சுகளைத் துடைத்தாள், பீடத்தில் புதுத் துணி விரித்தாள், நல்ல நீல மேலாடையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவைத்தாள். மூன்று மணிக்குத்தானே? பதினொன்றரைக்கு, அடுப்பில் பூண்டு சூப் தளதளத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஒல்லியான ஆள் ஒருவர் நின்றார். செருப்பு, முதுகுப் பை, வெயிலில் சிவந்த மூக்கு. உல்லாசப் பயணி என்று மூக்கே சொல்லியது.

"நீங்க எந்த ஊரு?"

"ஸ்ட்ராஸ்பூர் பக்கம், மதாம்."

உர்சுலுக்குத் திக்கென்றது. ஸ்ட்ராஸ்பூர்காரர்களுக்கு அவளிடம் கதை கிடையாது. அவர்கள் யாரோடு சண்டை போட்டார்கள், யாரை வெறுக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்துவிட்டாள். "தீப்பிடிச்சது" என்று பொதுவாகச் சுவரைக் காட்டினாள். சூப் பொங்குகிறது என்று ஓடி வந்துவிட்டாள்.

பன்னிரண்டு அடித்தது. உர்சுல் போனாள், பூட்டினாள், வந்தாள். சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து கைக்குட்டையைக் கழுத்தில் செருகிக்கொண்டாள்.

அரை மணி கழித்துக் கோயில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று நிற்காமல் அடித்தது. அந்த மணிக்கு ஒரு மோட்டார் உண்டு. அதற்குக் கிறுக்குப் பிடிப்பது ஊருக்குப் பழக்கம்தான். மேயர் வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது:

"சிப்ரியான்! உன் மோட்டார் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு பாரு!"

மூன்றாவது வீட்டு ஜன்னலிலிருந்து, வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே, சிப்ரியான் பதில் சொன்னான்:

"கேக்குது, கேக்குது! ரெண்டு மணிக்கு மேல பாக்கலாம்!"

"மூணு மணிக்கு அந்த ஆளு வர்றாருடா!"

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இருக்குல்ல? சாப்பிடுங்க மேயரய்யா!"

நியாயமாகத்தான் பட்டது. மேயர் சாப்பிட்டார். உர்சுலும் சாப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடுவில் கொஞ்சம் ஓய்ந்தது. பிறகு கோபமாக அடித்தது. 'பாவம், மோட்டாருக்கு வயசாயிட்டுது' என்று நினைத்துக்கொண்டு பாலாடைக்கட்டியை வெட்டினாள்.

இரண்டு மணிக்கு, நீல மேலாடையும் பவுடருமாகப் போய் அவள் கதவைத் திறந்தாள். மணிக் கயிற்றைப் பிடித்தபடி சிவந்த மூக்குக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் சிவப்பு போயிருந்தது. உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"மதாம், நான் கூர்சேல். அந்தக் குழுவோட ஆய்வாளர். சாதாரண ஆளு மாதிரி முன்னாடியே வந்து சுத்திப் பாக்குறது எங்க வழக்கம்." கயிற்றை விட்டுவிட்டு எழுந்தார். "பீடத்துக்குப் பின்னால குனிஞ்சு தூணைப் பாத்துட்டிருந்தேன். நிமிர்ந்தா கதவு மூடியிருக்கு. ஒன்றரை மணி நேரமா மணி அடிக்கிறேன். இந்த ஊர்ல யாருமே இல்லையா?"

உர்சுல் வாயில் கை வைத்தாள்.

"அப்ப நீங்க சாப்பிடவே இல்லையா?"

உலகமே இடிந்துவிட்டது போல நின்றாள். ஆய்வாளரைப் பூட்டி வைத்ததுகூட அவளுக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஒரு மனிதனைச் சாப்பாட்டு நேரத்தில் பட்டினி போட்டிருக்கிறாள். ஷஸ்தனே குடும்பத்தில் இப்படி ஒரு காரியம் நடந்ததே இல்லை. அவர் கையைப் பிடித்து, சதுக்கத்தில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரையில் உட்கார வைத்தாள்.

பூண்டு சூப்பைச் சுடவைத்து ஊற்றினாள். கடைசி வாய் இருக்கும்போது தட்டிலேயே சிவப்பு ஒயினை விட்டு, "இப்பிடியே தட்டைத் தூக்கிக் குடிங்க" என்றாள். குடித்தார். பிறகு கொழுப்பில் வதக்கிய வாத்துத் தொடை, உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் கட்டி, வாதுமைக் கேக். தொடை பாதி முடியும்போது கூர்சேலின் கோபம் போயிருந்தது; கேக் வரும்போது அவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"மதாம், உண்மையச் சொல்லுங்க. அந்தச் சுவரை யாரு கொளுத்தினாங்க?"

உர்சுலுக்கும் இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது. தவிர, இந்த மனிதருக்கு அவள் கடன்பட்டிருந்தாள்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. மேயரோட தாத்தா. கூரையில குளவிக்கூடு இருந்துச்சாம். வைக்கோலக் கொளுத்திப் புகை போடுறேன்னு போனாரு. குளவி ஒண்ணும் ஆகல. கூரைதான் போச்சு."

கூர்சேல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்த களைப்பிலும், வெயிலிலும், ஒயினிலும், ஃபிர்மானின் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

மூன்று மணிக்கு மேயர் பூங்கொத்தோடும் உரையோடும் சதுக்கத்தில் நின்றார். மூன்றேகாலுக்குத் திறந்த ஜன்னல் வழியாக ஒரு குறட்டை கேட்டது. உள்ளே வந்து பார்த்தார். நடந்ததை உர்சுல் ஒளிக்காமல் சொன்னாள். அர்மானின் முகம் ஜெரேனியம் நிறத்துக்கு வந்தது.

"பூட்டிட்டியா? ஆய்வாளரப் பூட்டிட்டியா?"

"மெதுவாப் பேசு, அவரு தூங்குறாரு. நீயும்தான் மணிச் சத்தம் கேட்ட. நீ எந்திரிச்சியா?"

"நான் மேயரு! எனக்கு என்ன தெரியும்? சாவியக் குடு."

உர்சுல் கூர்சேலைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். வேறு வழியில்லை. ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கை கொஞ்ச நேரம் நீட்டினபடியே இருந்தது.

நீலப் பலகை கிடைக்கவில்லை. தேவாலயம் அருமை, வரவேற்பு மறக்க முடியாதது, ஆனால் சதுக்கத்தின் குறுக்கே மின்கம்பிகள் மிக அதிகம் என்று குழு சொல்லிவிட்டது. மேயர் பதிலுக்கு மின்சாரப் பூட்டுக்காக இன்னொரு கம்பி இழுத்தார்.

பூட்டு நன்றாகத்தான் வேலை செய்தது. காலை ஒன்பதுக்கு க்ளிக் என்று திறக்கும், மாலை ஏழுக்கு க்ளிக் என்று மூடும். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரையும் மூடிக்கொள்ளும். இயந்திரத்துக்குச் சாப்பாட்டு நேரம் எதற்கு என்று ஊர்ச் சபையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இயந்திரமாக இருந்தால் என்ன, மோன்லுசேலில்தானே இருக்கிறது! உள்ளிருந்து திறக்க ஒரு பொத்தான் வைக்கலாம் என்றான் சிப்ரியான். அதற்குத் தனிச் செலவு என்றதும் வேண்டாம் என்றார்கள். மின்சாரம் போனால் வெளியிலிருந்து திறக்கப் பழைய சாவித் துவாரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். சாவி மேயரின் கோட்டுப் பையில் கிடந்து பையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

உர்சுலின் கதவை ஒருவரும் தட்டவில்லை. அட்டையை எடுத்துவிட்டார்கள் அல்லவா? ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். மனிதர்கள் வருவார்கள், கதவைத் தள்ளுவார்கள், போவார்கள். இங்கிலீஷ்காரர்கள் கரித் தழும்பைப் பார்த்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு வெளியே வருவது போல அவளுக்குத் தோன்றும். ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. தலை வாருவது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. நீல மேலாடை அலமாரிக்குப் போயிற்று. வெறும் ஆணியைப் பார்க்கச் சகிக்காமல் அதில் இன்னொரு பூண்டுச் சரத்தை மாட்டினாள். அப்போதும் வெறும் ஆணியாகத்தான் தெரிந்தது.

செப்டம்பரில் ஒருநாள். உர்சுல் சூப்பில் முதல் ஸ்பூனை விட்டபோது மணி அடிக்கத் தொடங்கியது. நிற்காமல் அடித்தது. மேயர் வீட்டு ஜன்னலிலிருந்து அவர் மனைவி பிளான்ஷ் கேட்டாள்:

"சிப்ரியான்! மோட்டாரா?"

"மோட்டார் இல்லம்மா! போன மாசம்தான் புதுசு போட்டேன்! எவனோ வெளியூர்க்காரன் உள்ள மாட்டிக்கிட்டான் போல!"

"ஐயையோ! திறந்து விடணுமே?"

"எதுக்கு? ரெண்டு மணிக்குப் பூட்டு தானா திறந்துக்கும். அதுக்குத்தான வாங்குனோம்!"

"அதுவும் சரிதான். எங்க வீட்டுக்காரரு வேற இன்னும் காணோம். சூப்பு ஆறுது."

ஸ்பூன் சத்தம் தொடர்ந்தது. உர்சுலும் இரண்டாவது ஸ்பூனை எடுத்தாள். சாவி அவளிடம் இல்லை. பொறுப்பும் அவளுடையது இல்லை. வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு எவன் மாட்டினால் அவளுக்கு என்ன? மூன்றாவது ஸ்பூன் வாய்வரை போயிற்று. அப்போது கூர்சேலின் சிவந்த உள்ளங்கைகள் ஞாபகம் வந்தன. ஸ்பூனை வைத்துவிட்டாள்.

பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவே உர்சுல் ஷஸ்தனே சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்தது, அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. கைக்குட்டை கழுத்தில் தொங்கியபடியே சதுக்கத்தைக் கடந்தாள். கதவைத் தட்டினாள். மணி நின்றது.

"பயப்படாதீங்க! நீங்க எந்த ஊரு?"

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் வந்தது:

"நான்தான், உர்சுல்."

"எந்த நான்?"

"அர்மான்."

உர்சுல் கதவில் காதை வைத்தாள். காதை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"மேயரய்யாவா? இந்த நேரத்துலயா? உள்ள என்ன பண்றீங்க?"

"பூட்டு சரியா விழலன்னு ஒருத்தன் புகார் சொன்னான். தாழ்ப்பாள் போய் விழுதான்னு பாக்க நின்னேன்."

"உள்ள நின்னா?"

"வெளிய நின்னா தெரியலையே!"

"விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சு."

உர்சுலுக்குச் சிரிப்பு பீறிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன் பண்றதுதான?"

"இந்த ஊர்ல கல்லறை மேட்ட விட்டா எங்க சிக்னல் கிடைக்குது? உர்சுல், சாவி என்கிட்டதான் இருக்கு. உள்பக்கம் துவாரம் இல்ல. கதவுக்கு அடியில தள்றேன், எடுத்துத் திற."

பூனைகள் புகுந்து போகிற சந்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. சாவியின் முனை தெரிந்தது, பாதி வந்தது, நின்றுவிட்டது. உர்சுல் குனிந்தாள். தொடவில்லை.

"அர்மான், இத நான் எடுத்தா, அப்புறம் எங்க மாட்டுறது?"

"மாட்டறதா? எங்க மாட்டுவ?"

"அதான் கேக்குறேன்."

உள்ளே பெருமூச்சு. பிறகு வயிறு இரைந்த சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

"உங்க வீட்டு ஆணியில மாட்டு. உர்சுல், இன்னிக்கு எங்க வீட்ல முயல் கறி. கடுகு போட்டது."

"அட்டை?"

"மறுபடி தொங்க விட்டுர்றேன்."

"பூட்டு?"

"சிப்ரியானக் கூப்பிட்டுக் கழட்டச் சொல்றேன். கம்பியையும் சேத்து. வேற என்ன வேணும்? என் பதவியா?"

"அத வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றபடி உர்சுல் சாவியை இழுத்தாள். முழுதாகக் கைக்கு வந்தது. அந்தப் பழைய கனம். கண் மங்கிப்போயிற்று, வெங்காயம் நறுக்காமலே. துவாரத்தில் நுழைத்துத் திருப்பினாள்.

அர்மான் சிலந்தி வலையும் தூசியுமாக வெளியே வந்தார். கோட்டைத் தட்டினார். கடுகு வாசனை வந்த திசையில் இரண்டடி வைத்தவர், திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"அந்த கூர்சேல் போகும்போது என்னைப் பாத்து 'குளவியெல்லாம் சௌக்கியமா'ன்னு கேட்டாரு. நீதான?"

"ஒயினு கேட்டுச்சு. நான் சொன்னேன்."

"வசந்தத்துல தேர்தல் வருது. இனிமே இங்கிலீஷ்காரன்னே சொல்லித் தொலை."

"இங்கிலீஷ்காரங்க வந்தா?"

"நம்ம ஆளுங்களையே சொல்லு. தாத்தாவ மட்டும் விட்டுரு." அவர் சதுக்கத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இன்னொண்ணு உர்சுல். சாப்பாட்டு நேரத்துல நீ கதவத் திறந்தேன்னு வெளிய மூச்சு விடாத. தெரிஞ்சா அவனவன் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்து உன் கதவத் தட்ட ஆரம்பிச்சிருவான்."

உர்சுல் சாவியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டட்டுமே" என்றாள்.